எட்டாம் நம்பர் ஷூ

பிப்ரவரி 11

அக்கா,

இதைப் பிரிக்காமலே குப்பையில் போட்டுவிடுவாய் என்றுதான் நினைக்கிறேன். போனை எடுப்பதில்லை. மெசேஜ் அனுப்பினால் போய்ச் சேருவதில்லை, தடுத்து வைத்திருக்கிறாய் போல. தபால்காரரைத் தடுக்க வழியில்லை என்பதால் எழுதுகிறேன். கோர்ட் டைப்பிஸ்டாக இருபத்தாறு வருஷம் ஊரார் மனுவையெல்லாம் வரி விடாமல் அடித்துக் கொடுத்தவள், தம்பி மனுவையும் ஒரு தரம் படித்துவிட்டுக் கிழித்துப் போடு.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். கம்பெனி அனுப்பியது. இங்கே ஒரு தொழிற்சாலையில் பாட்டில் நிரப்பும் இயந்திரத்தைப் பூட்டி, ஓட்டிக் காட்டிவிட்டு வரவேண்டும். மூன்று மாத வேலை. நானும் எங்கள் வெல்டரும் ஒரே அறை. மனிதர் நல்லவர், குறட்டைதான் கம்ப்ரஸர். ஏப்ரல் கடைசியில் திரும்புகிறேன்.

நேற்றுதான் முதல் ஓய்வு நாள் கிடைத்தது. இங்கிருந்து ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்தில் ஒரு சின்ன ஊர், அதில் ஒரு கோட்டை. பத்தொன்பது நாள் முற்றுகை நடந்த கோட்டை. உன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உப்பு டப்பாவைக் கோட்டையாகவும் கரண்டிகளைப் பீரங்கியாகவும் வைத்து நான் உன் பையனுக்கு, நம் மாப்பிள்ளைக்கு, விளக்கினேனே, அந்தச் சண்டைதான். வெளிநாட்டு வேலை என்றதும் மற்றவர்கள் தயங்க, நான் கையைத் தூக்கியதற்கு அந்த ஊரும் ஒரு காரணம். மறைத்து என்ன ஆகப்போகிறது.

போனேன். முப்பது வருஷமாகப் புத்தகத்தில் பார்த்த இடம். ஒரு பக்கத்து மதில்தான் மிச்சம். அகழியைத் தூர்த்துக் கார் நிறுத்த விட்டிருக்கிறார்கள். வெளியே இருந்த படை இருநூறு தப்படி முன்னேறப் பத்தொன்பது நாள் ஆனது. நான் மதிலைச் சுற்றி முக்கால் மணியில் வந்துவிட்டேன், முட்டி வலியோடு. எந்த மூலையில் எவன் நின்றான், எந்த வாசல் முதலில் விழுந்தது, எல்லாம் வாயில் வந்தது. கேட்க ஆளில்லை. எனக்கே சப்பென்று இருந்தது. ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிப்போனேன். முப்பது வருஷ ஆசையைப் பார்க்க வந்தவன் வாயைத் திறந்து தூங்கியதை அந்த ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டு போயிருப்பார்கள்.

விழித்ததும் நோக்கமில்லாமல் நடந்தேன். ஒரு சதுக்கத்தில் பழைய சாமான் சந்தை. விளக்கு, கடிகாரம், கிழிந்த சூட்கேஸ், நடுவில் ஒரு அம்மாள் பட்டாளத்துச் சாமான்களைப் பரப்பி வைத்திருந்தார். தோள்பட்டைச் சின்னம், தண்ணீர்க்குப்பி, பித்தளைப் பொத்தான். பொத்தானைப் பார்த்ததும் எந்தப் பிரிவு என்று சொன்னேன். அவருக்கு அதில் அக்கறையில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில்தான் பேச்சு. தமிழில் எழுதினால் இப்படி வரும்:

"அந்தப் பெட்டியில போட்டோ இருக்கு, பாருங்க. எடுத்துக்கிட்டா பொத்தானச் சும்மா தர்றேன்."

அட்டைப்பெட்டி நிறையச் சிப்பாய்கள். வரிசை வரிசையாக நிற்கிற பையன்கள். இத்தனை வருஷம் இந்த மாதிரிப் படம் கிடைத்தால் என் கண் முதலில் தோளுக்குப் போகும், அடுத்து தொப்பிக்கு. நேற்று காலுக்குப் போனது, அக்கா. ஒவ்வொரு படத்திலும் கால்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் இரண்டு இருந்தன. எதற்கு இதைச் செய்கிறோம் என்று தோன்றிய பிறகும் கை நிற்கவில்லை. அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரையாவது தேடறீங்களா?" என்றார். இல்லை என்று பெட்டியை மூடிவிட்டு வந்தேன். பொத்தான்கூட வாங்கவில்லை.

அதே தெருவில் ஒரு ஷூ கடை. உள்ளே போவேன் என்று நான் நினைக்கவில்லை. கடைக்காரருக்கு என் வயதுதான், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பழுப்பு நிறத்தில் நல்ல தோல் ஷூ ஒன்றைக் காட்டி, "எட்டாம் நம்பர். வலது மட்டும் கிடைக்குமா?" என்றேன்.

"ஜோடியாத்தான் விப்போம்."

"இடது கால் இல்ல."

அவர் குனிந்து என் கால்களைப் பார்த்தார். "எனக்கில்ல, அக்கா பையனுக்கு" என்றேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஜோடியையே கட்டிக் கொடுத்தார். ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இடது ஷூவை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. தூக்கிப் போடவும் கை வரவில்லை.

வலது ஷூவை மட்டும் தபாலில் அனுப்பட்டுமா? வேண்டாம் என்றால் வேண்டாம் என்று ஒரு வரி எழுது. மேலே தொழிற்சாலை விலாசம் இருக்கிறது.

உன் தம்பி


பிப்ரவரி 24

தம்பிக்கு,

கிழிக்கவில்லை. படித்தேன். பதிலே எழுதக்கூடாது என்று மூன்று நாள் இருந்தேன். ஆனால் உன் மடத்தனத்தைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

இடது காலுக்கும் ஷூ வேண்டும். செயற்கைக் கால் என்பது வெறும் கம்பு இல்லை. அதன் நுனியில் ஒரு பாதம் இருக்கிறது. அந்தப் பாதத்துக்கும் ஷூ மாட்டினால்தான் நடக்க முடியும். எந்த ஷூவாவது மாட்டினாலும் ஆகாது. குதிகால் எவ்வளவு உயரம் என்று பார்த்துத்தான் கால் செய்கிறவர் பாதத்தைப் பொருத்தியிருக்கிறார். அதைவிட உயரமான குதிகால் போட்டால் முன்னால் தள்ளும், தாழ்வாக இருந்தால் பின்னால் சாய்க்கும். கணுக்கால் மடங்காது என்பதால் வாய் அகலமாகத் திறக்கிற ஷூவாகவும் இருக்கவேண்டும். எந்த ஊர்ச் சிப்பாய் எந்த வருஷம் என்ன பூட்ஸ் போட்டான் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாய். இது தெரியவில்லை. தெரிந்துகொள்ள உனக்கு வழியும் இல்லை, நான்தான் அடைத்துவிட்டேன். அது வேறு விஷயம்.

அன்று ஆஸ்பத்திரியில் நடந்ததை நான் மறக்கவில்லை. பட்டாளத்து லாரி மலைப்பாதையில் கவிழ்ந்து அவன் கால் போய் ஆறு நாள்தான் ஆகியிருந்தது. சண்டையில்கூட இல்லை. அரிசி மூட்டை ஏற்றிப் போன லாரி. கண்ணைத் திறந்து படுத்திருக்கிற பிள்ளையிடம் வந்து உட்கார்ந்து, "ஒரு தளபதி இருந்தார் மாப்ளே, ஒரு கால் போன பிறகும் குதிரை ஏறிப் படையை நடத்தினார்" என்று ஆரம்பித்தாய். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நீ நிறுத்தவில்லை. கதையை முடித்துவிட்டுத்தான் எழுந்தாய். அதனால்தான் வராந்தாவில் வைத்து, இனி என் வாசலை மிதிக்காதே என்றேன். பதினோரு மாதம் ஆயிற்று. அதை வாபஸ் வாங்க இந்தக் கடிதம் இல்லை.

எனக்கு அலுத்துவிட்டது, தம்பி. கோபப்படக்கூடத் தெம்பில்லை. காலையில் சமைத்து அவன் கட்டிலருகே மூடி வைத்துவிட்டு கோர்ட்டுக்குப் போகிறேன். ஊரார் சண்டையை அடித்து முடித்துத் திரும்பினால், மூடினது மூடினபடி இருக்கிறது. புதுக் கால் வந்ததும் மூன்று வாரம் நடந்து பழகினான். அப்புறம் விட்டுவிட்டான். கால் கதவுக்குப் பின்னால் துடைப்பத்தோடு நிற்கிறது. கூட்டும்போது நான்தான் நகர்த்தி வைக்கிறேன்.

ஷூ அனுப்பவேண்டாம்.

ஒரு சந்தேகம். அவன் கால் எட்டாம் நம்பர் என்று உனக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னதில்லை. கம்பெனி லீவு நாளில் வந்து கதை பேசுகிற மாமன் பிள்ளையின் கால் அளவு பார்ப்பானா?

அக்கா


மார்ச் 8

அக்கா,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் வெல்டர் கேட்டார், "என்ன ஜெனரல், கோர்ட் நோட்டீஸா?" பட்டப்பெயர் இங்கேயும் வந்துவிட்டது. ஆமாம் என்றேன்.

முதலில் ஷூ விஷயம். நேற்று ஓய்வு. மறுபடி அந்த ஊருக்கு ரயில் ஏறினேன். கோட்டைப் பக்கம் தலை வைக்கவில்லை. பட்டறையிலிருந்து மில்லிமீட்டர் அளக்கிற வெர்னியர் காலிப்பரைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கடைக்காரர் அடையாளம் கண்டுகொண்டார். குதிகால் அளவு பிரச்சினை என்று சொல்லிப் புரியவைக்க அரை மணி ஆனது. புரிந்ததும் அவரே பெட்டி பெட்டியாக இறக்கிப் போட்டார். நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக அளந்தேன். முதலில் வாங்கியது குதிகாலில் முப்பத்தொன்று மில்லிமீட்டர், முன்பாதத்தில் பன்னிரண்டு. வித்தியாசம் பத்தொன்பது. அதைப் போட்டிருந்தால் பிள்ளை குப்புற விழுந்தாலும் விழுந்திருப்பான். ஷூ வாங்க வந்த ஒரு பெண்மணி, நான் ஏதோ அரசாங்கச் சோதனைக்கு வந்த ஆள் என்று நினைத்து வெளியே போய்விட்டார். கடைக்காரர் அதற்கும் கோபப்படவில்லை.

"எத்தனை மில்லிமீட்டர் வேணும்?" என்றார். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். அந்த எண் எனக்குத் தெரியாது. நீயும் எழுதவில்லை. கால் செய்தவரிடம் கேட்டு எழுதினால் போதும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அனுப்பவேண்டாம் என்று எழுதியிருந்தாய். அனுப்பவில்லை. அளவு மட்டும் கேட்கிறேன்.

இனி நீ கேட்ட கேள்வி. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

நான்தான் அவனுக்கு ஷூ வாங்கிக் கொடுத்தேன். ஓடுகிற ஷூ. ஆள் சேர்க்கிற முகாமுக்கு ஆறு மாதம் முன்பிருந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலை ஐந்து மணிக்கு மைதானத்தில் அவனை ஓடவைத்தவன் நான். கையில் ஸ்டாப் வாட்ச் வைத்துக்கொண்டு நிற்பேன். உன்னிடம் அவன் நண்பர்களோடு படிக்கப் போகிறேன் என்று சொன்னதும் நான் சொல்லிக்கொடுத்த பொய். மனு எழுதிக் கொடுத்ததும் நான். ஒன்றரைக் கிலோமீட்டரை ஐந்தரை நிமிஷத்தில் ஓடி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "மாமா, பாஸா?" என்பான். பாஸ் என்பேன். அவன் அப்பா போனபோது அவனுக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு அவன் கேட்ட கதையெல்லாம் நான் சொன்னது. நான் சொன்ன கதை ஒன்றிலும் லாரி கவிழ்ந்ததில்லை. அரிசி மூட்டை வந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் அந்தத் தளபதி கதையை ஏன் சொன்னேன் என்று எத்தனையோ நாள் யோசித்துவிட்டேன். எனக்கு வேறு பேச்சு தெரியாது, அக்கா. அழத் தெரிந்திருந்தால் அழுதிருப்பேன்.

அவனைப் பட்டாளத்துக்கு அனுப்பியது நான்தான். நீ வாசலை அடைத்தது சரி.

உன் தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

கால் செய்கிறவரிடம் போனில் கேட்டேன். பத்து மில்லிமீட்டர். ஒன்றிரண்டு கூடக் குறைய இருந்தால் பரவாயில்லையாம். நீ காலிப்பரோடு தரையில் உட்கார்ந்ததை அவரிடம் சொன்னேன். "அவர எங்ககிட்ட வேலைக்கு அனுப்புங்கம்மா" என்றார்.

நீ பெரிய ரகசியத்தைப் போட்டு உடைத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீயே சொல்கிறாயா என்று பார்க்கத்தான் கால் அளவைக் கேட்டேன். காலை ஐந்து மணிக்கு எவன் நண்பனோடு படிக்கப் போவான்? அவன் சாக்ஸைத் துவைத்தவள் நான். வாளித் தண்ணீர் செம்மண்ணாக இருக்கும். ஆறு மாதமும் தெரியும். கேட்கவில்லை. கேட்டால் நிறுத்தச் சொல்லவேண்டி வரும். பிள்ளை அப்போது நன்றாகச் சாப்பிட்டான், தானாக எழுந்தான், முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அதைக் கலைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றையும் கேள். இதை யாரிடமும் சொன்னதில்லை. பட்டாளத்திலிருந்து அழைப்புக் கடிதம் வந்த அன்று வீட்டில் நான் மட்டும் இருந்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கியது நான். என்ன கடிதம் என்று உறையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பீரோவில் என் புடவைக்கு அடியில் வைத்தேன். இரண்டு நாள் அங்கேயே இருந்தது. கோர்ட்டில் ஒரு வரி அடித்தால் நாலு தப்பு. வேலையைப் போட்டது போட்டபடி விட்டு வீட்டுக்கு வந்து அது இருக்கிறதா என்று பார்த்தேன். அடுப்பில் போட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நீயும் அவனும் மைதானத்தில் எவ்வளவு ஓடியிருந்தாலும் அது அங்கேயே முடிந்திருக்கும். மூன்றாம் நாள் அவன், "தபால் எதுவும் வரலையாம்மா?" என்று கேட்டான். எடுத்துக் கொடுத்தேன்.

அதனால் பழி முழுவதையும் உன் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளாதே. இந்தப் பதினோரு மாதமும் உன்னைத் திட்டியபோதெல்லாம் பாதித் திட்டு எனக்கு. உன்னைத் திட்டுவது சுலபமாக இருந்தது.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. அதுதான் என்னைத் தின்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாவது வாரம், "மாமா ஏன் வரல?" என்றான். நான் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். "அவருக்கு வேலை" என்றேன். அடுத்த மாதமும் கேட்டான். அதே பதில். அப்புறம் ஒரு நாள் அவனாகவே சொன்னான், "கதையில வர்றவங்களத்தாம்மா மாமாவுக்குப் பிடிக்கும்." நான் வாயைத் திறக்கவில்லை. இல்லைடா என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. கால் கதவுக்குப் பின்னால் போனது அந்த வாரம்தான்.

இப்போது சொல்லத்தான் வேண்டும். எப்படி என்று தெரியவில்லை. என்னை அவன் எப்படிப் பார்ப்பான் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

நாலு நாள் முன்பு, மதியம் ஷிப்ட் நடுவில் உன் கடிதம் வந்தது. இயந்திரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தேன். பாட்டில்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. ஏழெட்டு வழிந்த பிறகுதான் வெல்டர் வந்து நிறுத்தினார். "யாருக்காவது ஏதாவதா?" என்றார். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன். அவரே மீதி ஷிப்டைப் பார்த்துக்கொண்டார்.

யார் பங்கு எவ்வளவு என்று நாம் எடை போட வேண்டாம். எனக்குத் தெம்பில்லை, உனக்கும் இருக்காது. ஆனால் அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. அவனுக்குத் தனியாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். "அன்புள்ள மாப்பிள்ளைக்கு" என்பதற்கு மேல் பேனா ஓடவில்லை. நேரில்தான் சொல்லவேண்டும்.

என் கடிதங்களை அவனிடம் கொடுத்துவிடு. உன்னுடையது இரண்டையும் இதோடு வைத்திருக்கிறேன். அதைக் கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். வாயால் சொல்ல முடியாததற்குத்தானே காகிதம்.

ஷூ கிடைத்துவிட்டது. பத்து புள்ளி இரண்டு. முன்பக்கம் விரல் வரைக்கும் கயிறு, நன்றாகத் திறக்கிறது. பழைய ஜோடியை வெல்டர் கேட்டார், கொடுத்துவிட்டேன்.

இருபத்தைந்தாம் தேதி, சனிக்கிழமை காலை ஊர் வந்து சேருகிறேன். வீட்டுக்கு வரட்டுமா? வேண்டாம் என்றால் கோர்ட் வாசலில் உன் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறேன்.

உன் தம்பி


ஏப்ரல் 15

தம்பி,

கொடுத்துவிட்டேன். உன்னுடையதும் என்னுடையதும், எல்லாவற்றையும். காலையில் மூடி வைத்த சாப்பாட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கோர்ட்டுக்குப் போனேன்.

சாயங்காலம் வந்தபோது கடிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கி வைத்திருந்தான். சாப்பாடு அப்படியே இருந்தது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசினான். பேச்சா அது? "ரெண்டு பேரும் சேர்ந்து என்ன வெச்சு என்னதான் பண்ணீங்க?" என்றான். நான் நின்றுகொண்டே கேட்டேன். ஒரு வருஷமாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தினார். திட்டி முடித்துவிட்டு, பசிக்கிறது என்றான். இரண்டு தட்டு சாப்பிட்டான்.

மறுநாள் காலை துடைப்பம் மட்டும்தான் கதவுக்குப் பின்னால் இருந்தது.

பெரிதாக எதுவும் நினைத்துக்கொள்ளாதே. பழக்கம் விட்டுப்போனதால் தோல் உரசிப் புண்ணாகிறது. இருபது நிமிஷத்துக்கு மேல் தாங்கவில்லை. நேற்று சமையலறை நிலைப்படியில் தடுக்கி விழுந்து, காலைக் கழற்றி வீசிவிட்டான். அரை மணி கழித்து, அதை எடுத்துக் கொடு என்றான். எடுத்துக் கொடுத்தேன். இப்படித்தான் போகிறது. எனக்கும் இடுப்பு விட்டுப்போகிறது.

உன்னை மன்னித்துவிட்டானா என்று கேட்காதே. என்னையே இன்னும் இல்லை. நீ வந்தால் உனக்கும் இருக்கிறது. வாங்கிக்கொள். பதிலுக்கு யார் கதையையும் சொல்லாதே. உனக்கு வேறு பேச்சு தெரியாது என்றால் சும்மா உட்கார்ந்திரு. அதுவும் ஒரு பேச்சுதான்.

வீட்டுக்கே வா. சனிக்கிழமை நான் இருப்பேன், ஆனால் வாசல் பக்கம் வரமாட்டேன். "மாமா வந்தா நான்தான் கதவத் திறப்பேன், நீ எழுந்துக்காத" என்று சொல்லியிருக்கிறான். அதனால் மணியை ஒரு தடவை அடித்துவிட்டு நில். யாரும் வரவில்லையே என்று மறுபடி அடிக்காதே, கூப்பிடாதே. கட்டிலிலிருந்து வாசலுக்கு வர அவனுக்கு நேரமாகும்.

அக்கா